மின்தூண்டலும் தூண்டல் மறுப்பும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் சங்கம் கடந்து வந்த பாதையைப் பற்றிப் பேசுவது மரபு. அதனைப் பேசுவதற்குத் தகுதி மிக்க பெரியவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். எனவே, நாம் இன்று ஒரு பாடத்தைப் பற்றி மட்டும் பேச எண்ணுகிறோம். கல்விச் சங்கத்தின் விழாவில் ஒரு பாடத்தை நடத்துவதும் பொருத்தமே அல்லவா?

தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் மின்பிரிவில் சேரும் நம் பிள்ளைகள் ஓம் விதி வரையில் தயங்காமல் வந்து விடுகிறார்கள். மாறுதிசை மின்னோட்டம் என்னும் அத்தியாயம் தொடங்கியதும் முகம் வாடுகிறது. அங்கே இண்டக்டன்ஸ் என்றும், இண்டக்டிவ் ரியாக்டன்ஸ் என்றும் இரண்டு சொற்கள் வருகின்றன. தமிழில் முன்னதை மின்தூண்டல் எண் என்றும், பின்னதைத் தூண்டல் மறுப்பு என்றும் கூறுகிறோம். பொருள் விளங்காத நிலையில் சூத்திரத்தை நெட்டுருப் போடுகிறார்கள். தேர்வில் தேறியும் விடுகிறார்கள். ஆனால் பட்டறையில் ஒரு சுருள் கருகி நிற்கும்போது, அது ஏன் கருகியது என்று கேட்டால் வாய் திறப்பதில்லை.

இது சிறு குறை அன்று. கம்பத்தில் ஏறும் கை நம்முடையது, கணக்குப் போடும் கை வேறு யாருடையதோ என்ற நிலை நெடுங்காலமாக இருந்து வருகிறது. அது இயற்கை நியதி அன்று. "எப்படி" என்பதை மட்டும் கற்று, "ஏன்" என்பதைப் பிறருக்கு விட்டுவிட்டால் அந்த நிலை மாறாது. ஆகையால் இந்த ஒரு பாடத்தை அடிமுதல் "ஏன்" என்று கேட்டுப் பார்ப்போம். கூட்டல், பெருக்கல், ஒரு வட்டம், ஒரு முக்கோணம் ஆகியவற்றுக்கு மேல் கணிதம் தேவைப்படாது.

ஒரு சோக்கு தரும் புதிர்

குழல் விளக்கின் சோக்கை நீங்கள் அறிவீர்கள். இரும்புத் தகடுகளை அடுக்கி, அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பியை ஏராளமான சுற்றுகளாகச் சுற்றியிருப்பார்கள். இன்று எல்.இ.டி. விளக்குகளும் மின்னணுச் சோக்குகளும் வந்து விட்டமையால் பழைய சோக்கு வீடுகளிலிருந்து விடைபெற்று வருகிறது. ஆயினும் இப்பாடத்துக்கு அதைக் காட்டிலும் நல்ல ஆசான் இல்லை.

அதன் இரு முனைகளையும் ஓம் அளவியில் வைத்துப் பார்த்தால் சில பத்து ஓம்களே காட்டும். கணக்குக்காக 40 ஓம் என்று வைத்துக் கொள்வோம். இதனை 230 வோல்ட் மின்வழங்கலில் நேராக இணைத்தால், ஓம் விதிப்படி 230ஐ 40ஆல் வகுக்க 5.75 ஆம்பியர் ஓட வேண்டும். அப்போது உண்டாகும் வெப்பம் 1,320 வாட்டுக்கு மேல். அந்தச் சிறு பெட்டி சில நிமிடங்களில் புகைந்து போகும். 230 வோல்ட் நேர்த்திசை மின்சாரத்தில் இணைத்தால் அவ்வாறே நடக்கும். ஆனால் நம் வீட்டு மாறுதிசை மின்சாரத்தில் இணைத்து அளந்தால், ஓடுவது 1 ஆம்பியருக்கும் குறைவே.

கம்பி அதே கம்பி. வோல்ட்டும் அதே 230. மீதி மின்னோட்டத்தைத் தடுத்தது எது? ஓம் அளவியின் கண்ணில் படாத ஏதோ ஒன்று அந்தச் சுருளுக்குள் இருக்கிறது. அதுதான் நம் பாடம்.

மாற்றத்தை எதிர்க்கும் குணம்

கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் அதனைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது. கம்பியைச் சுருளாக்கினால் ஒவ்வொரு சுற்றின் புலமும் அடுத்த சுற்றின் புலத்தோடு சேர்ந்து வலுப்பெறுகிறது. உள்ளே இரும்பை வைத்தால் மேலும் பன்மடங்கு வலுப்பெறுகிறது. இது முதற்படி.

காந்தப்புலம் மாறும்போது, அதன் நடுவே இருக்கும் கம்பியில் ஒரு மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. இது இரண்டாம் படி. புலம் இருந்தால் மட்டும் போதாது. அது மாற வேண்டும் என்பதை அடிக்கோடிட்டுக் கொள்க.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். சுருளில் ஓடும் மின்னோட்டம் கூடுகிறது. ஆகவே அதன் காந்தப்புலமும் கூடுகிறது. மாறும் அப்புலத்தின் நடுவே இருப்பது எந்தக் கம்பி? அதே சுருள்தான். எனவே அந்தச் சுருளிலேயே ஒரு மின்னழுத்தம் தோன்றுகிறது. அது எத்திசையில் இருக்கும் என்பதை 1834இல் லென்ஸ் என்னும் அறிஞர் வரையறுத்தார். எந்த மாற்றத்தால் அது தோன்றியதோ அந்த மாற்றத்தை எதிர்க்கும் திசையில் இருக்கும். மின்னோட்டம் கூடினால், கூடவிடாமல் தடுக்கும். குறைந்தால், குறையவிடாமல் தாங்கும். மாறாமல் சீராக ஓடினால், பேசாமல் இருக்கும்.

மின்தடைக்கும் மின்தூண்டலுக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. மின்தடை மின்னோட்டத்தை எதிர்க்கிறது. மின்தூண்டல் மின்னோட்டத்தின் மாற்றத்தை எதிர்க்கிறது. இந்த ஒரு வரி மனத்தில் பதிந்தால், இனி வருவனவெல்லாம் அதன் கிளைகளே.

நேர்த்திசை மின்னோட்டம் தொடக்கத்தில் ஒரு கணம் ஏறி, பின்னர் மாறாமல் நின்றுவிடுகிறது. மாற்றம் இல்லை, ஆகையால் எதிர்ப்பும் இல்லை. ஓம் அளவி தன் உள்ளிருக்கும் பேட்டரியால் நேர்த்திசை மின்னோட்டத்தையே செலுத்துகிறது. எனவேதான் அதன் கண்ணுக்குக் கம்பியின் மின்தடை மட்டுமே தெரிகிறது. நம் வீட்டு மின்சாரமோ ஒரு நொடியில் 50 முறை முழுச் சுற்றுச் சுற்றி, இடைவிடாமல் ஏறி இறங்கித் திசை மாறுகிறது. ஆகவே எதிர்ப்பும் இடைவிடாமல் இருக்கிறது. முன்னே கண்ட புதிர் அவிழ்ந்தது.

பாரவண்டி

ஓர் உவமை சொல்வோம். நெல் மூட்டை ஏற்றிய வண்டியைத் தள்ளிப் பழகியவர்கள் இங்கே பலர் உண்டு. சமதரையில் நிற்கும் அந்த வண்டியை நகர்த்தத் தோள் கொடுக்க வேண்டும். நகரத் தொடங்கியபின் அவ்வளவு பாடு இல்லை. ஓடும் வண்டியை நிறுத்தவும் அதே பாடு. வண்டியின் பாரம் வேகத்தை எதிர்ப்பதில்லை. வேக மாற்றத்தை எதிர்க்கிறது. அச்சில் உண்டாகும் உராய்வோ வண்டி ஓடும் நேரமெல்லாம் எதிர்த்துச் சூடாகிறது. பாரம் மின்தூண்டலைப் போன்றது. உராய்வு மின்தடையைப் போன்றது. நாம் தள்ளும் விசை மின்னழுத்தம். வண்டியின் வேகம் மின்னோட்டம்.

இப்போது அவ்வண்டியை முன்னும் பின்னும் மாறி மாறித் தள்ளுங்கள். நிதானமாக மாற்றினால் வண்டி ஓரளவு வேகம் பிடித்து, நின்று, திரும்பும். விரைவாக மாற்றினால் வேகம் பிடிப்பதற்கு முன்பே எதிர்ப்புறம் இழுக்கிறோம். வண்டி இருந்த இடத்தில் அசைந்து கொடுப்பதோடு சரி. அதாவது, நாம் தள்ளும் விசை மாறாமல் இருந்தாலும், திசை மாற்றம் விரைவாக விரைவாக வேகம் குறைகிறது. பாரம் கூடினாலும் அவ்வாறே. தூண்டல் மறுப்பு, அதிர்வெண்ணோடும் மின்தூண்டல் எண்ணோடும் கூடுகிறது என்று நூல் கூறுவதன் பொருள் இதுவே.

ஹென்றி என்னும் அலகு

மின்தூண்டல் எண்ணின் அலகு ஹென்றி. ஒரு நொடிக்கு 1 ஆம்பியர் வீதம் மின்னோட்டம் மாறும்போது சுருளில் 1 வோல்ட் தோன்றுமானால், அச்சுருளின் மின்தூண்டல் எண் 1 ஹென்றி. சுற்றுகளை இரு மடங்காக்கினால் அது நான்கு மடங்காகும். காரணம் எளிது. சுற்றுகள் இரு மடங்கானால் புலமும் இரு மடங்காகிறது. அந்தப் புலத்தின் மாற்றத்தை ஏற்கும் சுற்றுகளும் இரு மடங்காகின்றன. இரண்டும் பெருகி நான்காகின்றன. சுருள் கட்டும் தொழிலில் இருப்போர் இதை மறக்கலாகாது. கருகிய சுருளை மறுபடி கட்டும்போது சுற்றுகளைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், மின்தூண்டல் எண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

இந்த அலகுக்குப் பெயர் தந்தவர் யார் என்பதை நம் பிள்ளைகள் அறிந்து கொள்ள வேண்டும். அமெரிக்காவின் ஆல்பனி நகரில் 1797இல் பிறந்தவர் ஜோசப் ஹென்றி. எளிய குடும்பத்துப் பிள்ளை. இளமையில் கடிகாரமும் வெள்ளி வேலையும் செய்யும் ஒருவரிடம் தொழில் பழகியவர். பின்னர் அவ்வூர்ப் பள்ளியில் ஆசிரியரானார். நீண்ட கம்பி வழியே ஓடும் மின்னோட்டத்தைத் துண்டிக்கும்போது பளிச்சென்று ஒரு பொறி தோன்றுவதையும், கம்பியைச் சுருளாக்கினால் அப்பொறி வலுப்பதையும் கண்டு 1832இல் வெளியிட்டார். தன் மின்தூண்டல் என்று நாம் படிப்பது அதுவே. 1893இல் சிகாகோவில் கூடிய மின்னியல் மாநாடு அவர் பெயரை அலகாக ஏற்றது.

மாறும் காந்தப்புலம் மின்சாரத்தைத் தூண்டும் என்பதை 1831இல் இங்கிலாந்தில் கண்டறிந்த மைக்கேல் பாரடே ஒரு கொல்லரின் மகன். புத்தகக் கட்டுக் கடையில் தொழில் பழகியபோது, கட்டுக்கு வந்த நூல்களைப் படித்தே அறிவியல் கற்றார். 1813இல் தம் ஆசான் ஹம்ப்ரி டேவியோடு ஐரோப்பியப் பயணம் சென்றபோது, டேவியின் மனைவி அவரை வேலைக்காரனைப் போலவே நடத்தினார். உயர் கணிதம் அவருக்குத் தெரியாது. கையால் செய்து, கண்ணால் கண்டு, மனத்தில் படமாக வரைந்து சிந்தித்தார். அவர்கள் கண்டது வறுமையின் சுவர். நம் முன் நின்றதோ சாதியின் சுவர். இரண்டும் ஒன்று என்று நாம் சொல்ல வரவில்லை. இந்த அறிவு எந்தக் குலத்தின் சொத்தாகவும் பிறக்கவில்லை. வேலை செய்யும் கைகளின் வழியாகவே உலகுக்கு வந்தது என்பதை மட்டும் சொல்கிறோம்.

"2 பை" எங்கிருந்து வந்தது?

தூண்டல் மறுப்பைக் காணும் சூத்திரம் உங்களுக்குத் தெரியும்: 2 × பை × அதிர்வெண் × மின்தூண்டல் எண். விடை ஓம்களில் வரும். அதிர்வெண்ணும் மின்தூண்டல் எண்ணும் ஏன் வந்தன என்று கண்டோம். இந்த "2 பை" எதற்கு என்று கேட்கும் மாணவர் மிகச் சிலர். கேட்காதது அவர்கள் குற்றம் அன்று. கேட்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு சைக்கிள் சக்கரத்தின் விளிம்பில் ஒரு துணித்துண்டைக் கட்டிச் சுழற்றுங்கள். சக்கரத்தின் விளிம்புப் பக்கத்திலிருந்து ஒளி விழுமாறு செய்தால், எதிர்ச்சுவரில் அத்துணியின் நிழல் மேலும் கீழுமாக ஏறி இறங்கும். மாறுதிசை மின்னோட்டம் ஏறி இறங்குவதும் இதே முறையில்தான். சக்கரத்தின் ஆரம், மின்னோட்டத்தின் உச்ச அளவு என்று கொள்வோம். உச்சியிலும் அடியிலும் நிழல் ஒரு கணம் நிற்கிறது. நடுவில் மிக விரைவாக ஓடுகிறது. அந்த நடு இடத்தில் நிழலின் வேகமும் துணியின் வேகமும் ஒன்றே.

துணியின் வேகம் என்ன? ஒரு சுற்றில் அது கடக்கும் தொலைவு வட்டத்தின் சுற்றளவு; அதாவது 2 பை மடங்கு ஆரம். நொடிக்கு 50 சுற்று என்றால் வேகம் 2 பை × 50 × ஆரம். எனவே மின்னோட்டம் மாறும் மிகப் பெரிய வீதம், 2 பை × அதிர்வெண் × உச்ச மின்னோட்டம். இதனை மின்தூண்டல் எண்ணால் பெருக்கினால் சுருளில் தோன்றும் உச்ச மின்னழுத்தம் கிடைக்கும். உச்ச மின்னழுத்தத்தை உச்ச மின்னோட்டத்தால் வகுத்தால் எஞ்சுவது 2 பை × அதிர்வெண் × மின்தூண்டல் எண். சூத்திரம் வானத்திலிருந்து விழவில்லை; சக்கரத்தின் சுற்றளவிலிருந்து வந்தது. 50 ஹெர்ட்ஸில் 1 ஹென்றிச் சுருளின் மறுப்பு 2 × 3.14 × 50 × 1 = 314 ஓம்.

கால் சுற்றுப் பின்னடைவு

தூய மின்தூண்டலில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு 90 பாகை பின்தங்கும் என்பது மாணவர்களை மிகவும் மிரட்டும் வரி. இதற்கும் அந்த நிழலே விடை தருகிறது. மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும் கணத்தில் அது மாறுவதில்லை; ஆகவே சுருளின் மின்னழுத்தம் சுழி. மின்னோட்டம் சுழியைக் கடக்கும் கணத்தில் அது மிக விரைவாக மாறுகிறது. ஆகவே மின்னழுத்தம் உச்சம். மின்னழுத்தம் உச்சத்தைத் தொட்ட பின்னர், கால் சுற்றுக் கழித்தே மின்னோட்டம் தன் உச்சத்தைத் தொடுகிறது. நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு சுற்றுக்கு ஆகும் காலம் நொடியின் ஆயிரத்தில் 20 பங்கு. கால் சுற்று என்பது ஆயிரத்தில் 5 பங்கு. 90 பாகை என்பது இந்தச் சிறு காலத் தாமதத்துக்கு இட்ட பெயர்.

மூலைமட்டம்

உண்மையான சுருளில் மின்தடையும் உண்டு, மறுப்பும் உண்டு. 40 ஓம் மின்தடை, 314 ஓம் மறுப்பு. இரண்டையும் கூட்டி 354 ஓம் என்று எழுதுவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. இரண்டின் உச்சங்களும் ஒரே கணத்தில் வருவதில்லை. கால் சுற்று இடைவெளி உண்டு. ஆகையால் நேராகக் கூட்டலாகாது. செங்குத்தாகக் கூட்ட வேண்டும்.

செங்குத்தாகக் கூட்டுவது நம் வீட்டுக் கணக்கே. மனைக்கு மூலைமட்டம் பார்க்கும் கொத்தனார் ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி அளந்து, குறுக்கே கயிறு 5 அடி வந்தால் மூலை சரி என்பார். 3ஐயும் 4ஐயும் கூட்டி 7 என்று எந்தக் கொத்தனாரும் சொல்வதில்லை. மின்தடை 30 ஓம், மறுப்பு 40 ஓம் என்றால், மொத்த மின்னெதிர்ப்பு 50 ஓம். அப்பா கொத்து வேலைக்குச் செல்கிறார் என்று சொல்லக் கூச்சப்படும் தம்பி, தன் பாடநூலின் முக்கோணத்தை அப்பா நாள்தோறும் கையாள்கிறார் என்பதை அறிந்து கொள்ளட்டும்.

நம் சோக்குக்கு வருவோம். 40இன் வர்க்கமும் 314இன் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் ஏறத்தாழ 316.5 ஓம். 230ஐ இதனால் வகுக்க 0.73 ஆம்பியர் வருகிறது. 40 ஓம் மின்தடை அவ்வளவு பெரிய மறுப்போடு சேர்ந்தும் இரண்டரை ஓமையே கூட்டியது என்பதைக் கவனியுங்கள்.

கைமாற்று

0.73 ஆம்பியரையும் 230 வோல்ட்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 167 வருகிறது. ஆனால் கம்பியில் உண்டாகும் வெப்பம் சுமார் 21 வாட் மட்டுமே. இரும்பில் உண்டாகும் சிறு இழப்பை இங்கே விட்டுவிடுவோம். மீதி எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. மின்னோட்டம் ஏறும்போது சுருள் ஆற்றலை வாங்கிக் காந்தப்புலத்தில் வைத்துக் கொள்கிறது. இறங்கும்போது திருப்பிக் கொடுத்து விடுகிறது. நொடிக்கு 100 முறை இந்தக் கைமாற்று நடக்கிறது. மின்தடை வாங்கியதைச் செலவழித்துச் சூடாக்கிவிடும். மின்தூண்டல் வாங்கியதைத் திருப்பித் தந்துவிடும். மறுப்பு என்று தனிப் பெயரிட்டதன் நியாயம் இதுதான்.

குழல் விளக்கில் சோக்கு வைத்த காரணமும் இதனால் விளங்கும். குழலுக்குள் இருக்கும் வாயுவில் மின்னோட்டம் கூடக் கூட அதன் தடை குறைகிறது. எனவே, கட்டுப்படுத்த ஒன்று இல்லையேல் மின்னோட்டம் எல்லை மீறிக் குழல் அழியும். 40 வாட் குழலுக்கு வேண்டியது ஏறத்தாழ 100 வோல்ட், 0.43 ஆம்பியர். மீதி 130 வோல்ட்டை ஒரு தடையால் குறைத்தால், அத்தடை மட்டுமே 56 வாட்டை வெப்பமாக வீணாக்கும். விளக்கைவிட அதுவே கூடுதலாக உண்ணும். சோக்கோ ஏறத்தாழ 10 வாட் இழப்போடு அந்த வேலையை முடித்து விடுகிறது.

ஆனால் கைமாற்றுக்கும் வழிச்செலவு உண்டு. போய்வரும் மின்னோட்டம் கம்பிகளிலும் மின்மாற்றிகளிலும் ஓடித்தானே ஆக வேண்டும்? அங்கே உண்டாகும் வெப்பம் இழப்பே. உண்மைத் திறனைத் தோற்றத் திறனால் வகுத்தால் வருவது திறன் காரணி. நம் கணக்கில் 21ஐ 167ஆல் வகுக்க 0.13. இது மிகக் குறைவு. கிணற்று மோட்டார்களும் ஆலை மோட்டார்களும் இவ்வாறே பின்தங்கிய மின்னோட்டத்தை எடுப்பவை. அதனால்தான் அவற்றின் அருகே மின்தேக்கியை இணைக்கிறார்கள். மின்தேக்கி எதிர்முறையில் கைமாற்றுச் செய்வதால், கொடுக்கல் வாங்கல் இரண்டும் பக்கத்திலேயே முடிந்து, நெடுவழிப் போக்குவரத்து குறைகிறது.

உயிர்காக்கும் அறிவு

இதுவரை கூறியவை தேர்வுக்கு உதவும். இனிக் கூறுவது உயிருக்கு உதவும்.

மாற்றம் எவ்வளவு விரைவோ, எதிர்ப்பும் அவ்வளவு பெரிது என்றோம். 1 ஹென்றிச் சுருளில் 0.4 ஆம்பியர் ஓடிக் கொண்டிருக்கிறது. அதனை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் சுழியாக்கினால் தோன்றுவது 400 வோல்ட். அதில் பாதி நேரத்தில் அறுத்தால் 800 வோல்ட். ஸ்டார்ட்டர் திறக்கும் கணத்தில் குழல் பற்றிக் கொள்வது இந்த உதைப்பால்தான். அதே உதைப்புத்தான் ரிலே, கான்டாக்டர் ஆகியவற்றின் முனைகளில் பொறியாகத் தெறிக்கிறது. பெரிய மின்மாற்றியின் சுருளை நேர்த்திசை மின்னோட்டம் செலுத்தி அளந்தபின், அதன் ஆற்றலை முறையாக வெளியேற்றாமல் இணைப்பைக் கையால் பிரித்தால், அளப்பதற்கு வைத்தது சிறிய பேட்டரியாக இருந்தாலும் ஆளைத் தாக்கும் மின்னழுத்தம் தோன்றக்கூடும். "சிறிய பேட்டரிதானே" என்று எண்ணுபவர் மின்தடையை மட்டும் படித்தவர். மின்தூண்டலைப் படித்தவர் கை வைக்கமாட்டார்.

இன்னொன்று. மாறுதிசை மின்சாரத்தில் இயங்கும் கான்டாக்டரின் சுருள், அதன் இரும்புத் துண்டு முழுதாக மூடாமல் இடையில் தூசியோ துருவோ தடுத்து நின்றால், கருகிப் போகும். காரணம் என்ன? இரும்பின் நடுவே காற்று இடைவெளி இருந்தால் மின்தூண்டல் எண் குறைகிறது, மறுப்பு குறைகிறது, மின்னோட்டம் பெருகுகிறது. காரணம் அறியாதவர் புதுச் சுருளை மாட்டுவார், அதுவும் கருகும். அறிந்தவர் முதலில் இரும்பின் முகத்தைத் துடைப்பார். பட்டறையில் ஒருவருக்கு மதிப்பு ஏற்படுவது இந்த இடத்தில்தான்.

சோக்கைச் சோதிக்கும் முறையும் அப்படியே. ஓம் அளவி கம்பி அறுந்திருப்பதைக் காட்டும். சில சுற்றுகள் தமக்குள் ஒட்டிக் கொண்ட பழுதை அது எளிதில் காட்டாது. மின்தடை சிறிதளவே குறைந்திருக்கும். ஆனால் அத்தகைய பழுது மறுப்பை வெகுவாகக் குறைத்து விடும். எனவே 100 வாட் இழை விளக்கொன்றைத் தொடராக இணைத்து, ஆசிரியர் முன்னிலையில் மாறுதிசை மின்சாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். விளக்கு மங்கலாக எரிந்தால் சோக்கு நலம். முழு ஒளியோடு எரிந்தால் மறுப்பு போய்விட்டது. எரியாவிட்டால் கம்பி அறுந்துவிட்டது. இந்தச் சோதனையைச் செய்யத் தெரிந்தவர் பலர். அது ஏன் பயன்படுகிறது என்று சொல்லத் தெரிந்தவராக நம் பிள்ளைகள் இருக்க வேண்டும்.

நமக்குரிய கடமை

அன்பர்களே, அண்ணல் அம்பேத்கர் அவர்களைச் சட்ட மேதையாக நாம் போற்றுகிறோம். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது என்பதை நம்மில் பலர் நினைப்பதில்லை. மலிவான, தாராளமான மின்சாரம் இன்றி இந்நாடு தொழில்வளம் பெறாது என்று 1943இல் அவர் வலியுறுத்தினார். 1944இல் மத்தியத் தொழில்நுட்ப மின்சார வாரியம் அமைந்தது அவர் பொறுப்பில் இருந்த காலத்தில்தான். 1942 அக்டோபரில் பட்டியல் சாதியினரின் குறைகளை அரசுக்கு எடுத்துரைத்த விண்ணப்பத்தில், அறிவியல் தொழில்நுட்பக் கல்விக்கு உதவியும் தொழிற்பயிற்சிக்கு வாய்ப்பும் வேண்டுமென்று கேட்டார். நம் பிள்ளைகள் இன்று மின்பிரிவில் அமர்ந்திருக்கும் இருக்கைக்குப் பின்னால் அந்தக் கோரிக்கையும் இருக்கிறது. அந்த இருக்கையில் அமர்ந்து வாய்பாட்டை நெட்டுருப் போட்டுவிட்டு எழுந்து வருவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

தம்பிகளே, தங்கைகளே, எந்தச் சூத்திரத்தைக் கண்டாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள். இது எதனை எதிர்க்கிறது? எதனால் கூடுகிறது? வாங்கியதைச் செலவழிக்கிறதா, திருப்பித் தருகிறதா? திடீரென்று அறுத்தால் என்ன ஆகும்? வகுப்பில் கேட்கத் தயங்கினால், நம் சங்கத்தின் மாலை வகுப்பில் கேளுங்கள். கேட்டவரைப் பார்த்துச் சிரிப்பவருக்கு அங்கே இடம் இல்லை.

மூத்த உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் மின்பணியில் இருப்போர், இருந்து ஓய்வு பெற்றோர் பலர். பழைய சோக்கு, கழற்றிப் போட்ட விசிறிச் சுருள், கருகிய கான்டாக்டர் ஆகியவற்றை எடைக்குப் போடும் முன்னர் சங்கத்துக்குக் கொடுங்கள். மாதத்தில் ஒரு மாலை நேரம் வந்து, அது எப்படிப் பழுதுற்றது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கம்பம் ஏறிக் கற்ற அறிவும் காகிதத்தில் கற்ற அறிவும் ஒரே மேசையில் சந்திக்கட்டும். கற்பிக்கும் நாங்கள் விளக்கும் இழையும் ஓம் அளவியும் ஆயத்தமாக வைத்திருப்போம்.

வண்டியின் பாரம் நம்மைத் தடுப்பது அது நிற்கும்போதுதான். இருபத்தைந்து ஆண்டுகள் பலர் தோள் கொடுத்துத் தள்ளியதால் இந்தச் சங்கம் இன்று ஓட்டத்தில் இருக்கிறது. ஓடும் வண்டிக்கு அதே பாரம் துணை நிற்கும். விசையை விடாமல் கொடுப்பது இனி உங்கள் கையில் இருக்கிறது.